உங்களைத் தெரியாமயா?

எனக்கு முகம் ஞாபகம் நிற்காது. வாயும் சும்மா நிற்காது. இந்த இரண்டும் ஒரே பெண்ணிடம் சேர்ந்துவிட்டால் கோயமுத்தூர்ப் பக்கத்தில் சொந்தபந்தத்தோடு காலம் தள்ளுவது பெரும்பாடு. கல்யாணமான புதிதில் சோமனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்த பெரியவர், "என்னம்மணி, என்னைத் தெரியுதா?" என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். "தெரியலீங்க, நீங்க யாருங்க?" அவர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். இலையில் கை வைக்காமல் எழுந்து போய்விட்டார். அந்தக் கோபத்தைத் தணிக்க என் வீட்டுக்காரர் சென்னகிருஷ்ணன் தட்டில் ஆப்பிளும் ஆரஞ்சும் வைத்துக்கொண்டு இரண்டு தடவை சோமனூருக்கு அலைந்தார். இரண்டாம் தடவை திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் கேட்டார்: "தெரியலைன்னாலும் தெரிஞ்ச மாதிரி சிரிச்சு வெச்சா என்ன குறைஞ்சா போயிரும்?"

அதைத் தெலுங்கில்தான் கேட்டார். நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வாசலுக்கு வந்தால் தமிழ். தனியாக இருக்கும்போது நான் அவரை "ஏமய்யா" என்பேன், அவர் என்னை "ஏமே" என்பார். வீட்டுக்கு ஒரம்பரை வந்துவிட்டால், விருந்தாளியைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம், எங்கள் இரண்டு பேருக்கும் தமிழும் மரியாதையும் சேர்ந்தே வந்துவிடும். "ஏனுங்க, காபி கொண்டாரட்டுங்களா?" என்று நான் கேட்பேன். "கொண்டாங்க அம்மணி" என்பார் அவர். ஒரம்பரை கேட்டைத் தாண்டியதும் மறுபடியும் ஏமய்யா, ஏமே. முப்பது வருஷம் சண்டை போட்டதும் சமாதானமானதும் அந்தத் தெலுங்கில்தான்.

ஆவாரம்பாளையத்தில் முன்னால் வீடு, பின்னால் பட்டறை. மோட்டார் பம்ப் செய்கிறோம். பதினோரு பேர் வேலை செய்கிற சின்ன இடம். என் வீட்டுக்காரர் படித்தது பாலிடெக்னிக், ஆனால் அந்த மண்டை தனி. ஓடுகிற மோட்டார் மேல் திருப்புளியை ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்து, "கீழ்ப் பேரிங் போச்சு, மேல இருக்கறது இன்னும் ஆறு மாசம் தாங்கும்" என்பார். பிரித்துப் பார்த்தால் சொன்னது அப்படியே இருக்கும். தோட்டக்காரர் ஒருவர் வந்து போர் எத்தனை அடி, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, தொட்டி எவ்வளவு தூரம் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் எத்தனை எச்.பி. மோட்டார் வேண்டும் என்று பதில் வந்திருக்கும். பேனாவும் கிடையாது, பேப்பரும் கிடையாது. எனக்கு அவரிடம் பிடித்ததே அந்த மண்டைதான். பெண் பார்க்க வந்தபோது ஆள் பார்வைக்குச் சுமார். எங்கள் வீட்டில் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த மின்விசிறியை அண்ணாந்து பார்த்து அதற்கு என்ன வியாதி என்று சொன்னார். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

போன தை மாதம் ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி. வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில் கல்யாண மஞ்சள் பை. மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அச்சு அழிந்துபோயிருந்தது. பத்திரிகை வைக்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டு நான் சமையலறையில் மிக்ஸியை நிறுத்தினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கூடம் முழுக்கத் தெரியும்.

"வாங்க, வாங்க" என்று என் வீட்டுக்காரர் எழுந்தார். எங்கள் பக்கத்தில் முதலில் வாங்க என்று சொல்லிவிட்டு அதற்கப்புறம்தான் வந்தது யார் என்று பார்ப்போம்.

வந்தவர் உட்காரவில்லை. "என்னைத் தெரியுதுங்களா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு வினாடி ஒன்றுமே இல்லை. கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாமல் போகுமா? பிறகு முகம் நிறையச் சிரிப்பு. "அட, என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க! உங்களைத் தெரியாமயா?"

"அன்னூர்ல, உங்க சித்தப்பா மக கல்யாணத்துல பார்த்துக்கிட்டமே."

"ஆமாங்க, ஆமாங்க."

"பந்தியில நாந்தான் உங்களுக்கு ரசம் ஊத்துனேன்."

"அதெல்லாம் மறக்க முடியுங்களா?"

நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வந்தவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. துணியால் துடைத்து வெயிலில் காய வைத்தது போல இருந்தது. பத்திரிகை எதுவும் எடுக்கவில்லை. "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"யாருய்யா அது?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தார். பட்டறைக்குப் போகக் கிளம்பியவர் வாசற்படியில் நின்றார். "இல்லையே, தெரியுமே. அன்னூர்க் கல்யாணம். ரசம் என் சட்டையில தெறிச்சுப்போச்சு. அவரே துண்டால துடைச்சு விட்டாரு. நல்ல மனுஷன்."

அந்தக் கல்யாணத்தில் அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டது நான். வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையைத் துவைத்ததும் நான். அதில் ஒரு பொட்டுக் கறை கிடையாது.

அன்று மதியமே பட்டறையிலிருந்து ஷாஹுல் வந்தான். எங்களிடம் இருபது வருஷமாக மேஸ்திரியாக இருப்பவன். "ஏனுங்கக்கா, அண்ணனுக்கு உடம்பு ஏதும் சரியில்லீங்களா? சூலூர்த் தோட்டக்காரர் வந்து போர்க் கணக்குச் சொன்னா, அண்ணன் என் மொகத்தையே பார்க்கறாரு. நீயே சொல்லு ஷாஹுலுங்கறாரு."

வயசாகுதில்ல என்று அவனிடம் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் காபி கொடுக்கும்போது போகிற போக்கில், "பதினேழு எட்டு எவ்வளவுய்யா?" என்று கேட்டேன். கோயில் வாசலில் விட்ட செருப்பைத் தேடுகிறவர் மாதிரி அங்குமிங்கும் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

அடுத்த புதன்கிழமை நான் பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கூடத்தில் ஆல்பம் விரித்துக் கிடக்கிறது, பக்கத்தில் ஒரு காய்ந்த டம்ளர். "இப்பத்தான் போனாரு. நம்ம பட்டறை தொறந்த அன்னிக்கும் வந்திருந்தாராமா. எனக்குத்தான் அப்ப அவசரத்துல ஞாபகம் இல்ல. இப்ப நல்லா ஞாபகம் இருக்கு. இங்க பாரு" என்று பட்டறைத் திறப்பு விழாப் படத்தைக் காட்டினார். மறைந்த என் மாமனாருக்கும் பழைய மேஸ்திரிக்கும் நடுவில் விரலை வைத்தார். "இதோ நிக்கறாரே."

அங்கே யாரும் இல்லை. பின்னால் இருக்கிற சுவர்க் காலண்டர் தெரிந்தது. எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற படம். அந்த ஓர் இடத்தில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்கு வழி விட்டிருந்தது. முன்பு அந்தப் படத்தில் இடைவெளி உண்டா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நான் அவரைக் கையைப் பிடித்துப் பட்டறைக்கு அழைத்துப் போனேன். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் மேல் ஷாஹுல் திருப்புளியை ஊன்றி அவர் கையில் பிடித்துக் கொடுத்தான். அவர் பிடியைக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் பணிவாகக் கேட்டார். "இதுல என்னப்பா கேட்கணும்?" என்றார். ஷாஹுல் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெயின் சுவிட்சை அணைத்தான்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் இளவயசுக்காரர், பொறுமையானவர். "படம் சுத்தமா இருக்குங்கம்மா. மறதி நோய்னா கரையான் மாதிரி அங்கங்க அரிக்கும். இவருக்கு ஒரு பக்கத்தை மட்டும் அளந்து அறுத்தெடுத்த மாதிரி இருக்கு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. நான் இதுவரைக்கும் பார்த்ததில்லீங்க" என்றார். என் வீட்டுக்காரரை வராந்தா நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மாத்திரை வாங்கப் போனேன். கவுண்டரில் கூட்டம். திரும்பி வரும்போது வராந்தாக் கோடியில் ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகு படியிறங்கிப் போவது தெரிந்தது. அன்று புதன்கிழமை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் வீட்டுக்காரர் முகமெல்லாம் பூரிப்பு. "நம்ம ஹர்ஷிணி காதுகுத்துக்கு வந்திருந்தாருங்க. புள்ளை அழுதப்ப இவருதான் பலூன் ஊதிக் குடுத்தாரு." ஹர்ஷிணி எங்கள் ஒரே மகள், பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவள் காதுகுத்துக்குப் பலூன் ஊதிக் கொடுத்தது நான், என் வாயால்.

"ஏமய்யா, புத்தி உந்தா நீக்கு?" என்று கத்திவிட்டேன். உனக்கு அறிவு இருக்கிறதா என்று அர்த்தம். நாளைக்கு நாலு தடவை நான் அவரைக் கேட்கிற கேள்விதான்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னங்க சொல்றீங்க? தமிழ்ல சொல்லுங்க."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை தெலுங்கிலேயே பேசினேன். கெஞ்சினேன், திட்டினேன், அவருடைய அம்மா பாடுகிற தாலாட்டைக்கூடச் சொல்லிப் பார்த்தேன். வெளியூர் ஆள் பேசுவதற்குத் தலையாட்டுவது போல மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு வந்தார். ஆட்டோக்காரர் இருப்பதையும் மறந்து அழுதேன். அன்றிலிருந்து அவர் என்னை ஒரு தடவைகூட "ஏமே" என்று கூப்பிடவில்லை. வாங்க, போங்க, அம்மணி, அவ்வளவுதான்.

விஷயம் மறுநாள் ஷாஹுல் மூலமாகத்தான் பிடிபட்டது. அவன் மகள் அஃப்ஷீன், அடுத்த வீதியில் இருக்கிற நாச்சியம்மாள் டீச்சரிடம் கணக்கு ட்யூஷன் படிப்பவள். முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திய கை அது. "ட்யூஷன் நின்னுபோச்சுங்கக்கா. டீச்சருக்கே கூட்டல் வரமாட்டேங்குதாம். யாரோ ஒரம்பரை வந்துட்டு வந்துட்டுப் போறாருன்னு அவங்க பேச்சு பூரா அதேதானாம்."

அன்று மதியமே போனேன். நாச்சியம்மாள் டீச்சர் பத்து விரலையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகள் பிரத்யுஷா காபி கொண்டுவந்தாள். நான் வெள்ளைச் சட்டையைப் பற்றிக் கேட்டதும் டீச்சர் முகம் மலர்ந்தது. "எங்க பெரியப்பா பையனுங்க. அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை பார்க்கப் போனப்ப என்னைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டவரு."

"அத்தைக்குப் பெரியப்பாவே கிடையாதுங்க" என்றாள் பிரத்யுஷா மெதுவாக.

நான் டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "டீச்சர், ஒரே ஒண்ணு சொல்லுங்க. முதல் நாள் வந்து தெரியுதான்னு கேட்டப்ப, உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். "சத்தியமாத் தெரியலீங்க. ஆனா ஊட்டுக்கு வந்து நின்னு கேட்கறாரு. தெரியலைன்னு சொன்னா மனசு நோவாதுங்களா? தெரியும்ன்னு சொல்லிப்போட்டேன்." விரல்களை மடக்கினார், விரித்தார். "சொன்னதுக்கப்புறம் தெரிஞ்சுதுங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தெரியும் என்று சொல்லி அவனுக்கு உள்ளே இடம் கொடுக்கிறோம். இருக்கிற இடம் இருக்கிறபடிதானே இருக்கும்? அவன் உட்கார வேண்டுமானால் அங்கே ஏற்கெனவே இருக்கிற ஒன்று எழுந்து வெளியே போக வேண்டும். வேறு எந்த ஊராக இருந்தாலும் ஒருத்தராவது, நீ யாரப்பா என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஆட்கள் கேட்க மாட்டார்கள். அதனால்தான் இங்கே வந்திருக்கிறான்.

கேட் கேமராவில் அவன் படம் தெளிவாக விழுந்திருந்தது. அதைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட எடுத்து, "இவரை யாருக்காவது தெரியுமா?" என்று எழுதிவிட்டேன். அனுப்புகிற பொத்தானுக்குப் பக்கத்தில் விரல் போனபோது பகீர் என்றது. குரூப்பில் நூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் மரியாதை தெரிந்தவர்கள். எழுதியதை அழித்தேன், படத்தையும் அழித்தேன். அதற்குள் ஷாஹுல் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "பார்த்த மொகமாட்டத்தான்..." என்று ஆரம்பித்தான். என் முந்தானையாலேயே அவன் வாயைப் பொத்தினேன்.

கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலில் சித்தப்பா மகள் கல்யாணம், அதற்குக் கணக்குப் போனது. அடுத்தது பட்டறைத் திறப்பு, அதற்குக் காது போனது. மகளின் காதுகுத்துக்குத் தெலுங்கு போனது. ஒவ்வொரு படியாக உள்ளே வருகிறான். இனி மிச்சம் இருக்கிற விசேஷம் ஒன்றுதான். எங்கள் கல்யாணம். அதற்கு அவன் எதை எடுத்துக்கொண்டு போவான் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு இன்னும் என்னைத் தெரியும். வார்த்தைதான் மாறியதே தவிர, சாப்பிடும்போது என் தட்டில் அப்பளத்தின் பெரிய துண்டை வைப்பது மாறவில்லை. அதை நான் விடுவதாக இல்லை.

ஐந்து நாள் பாடம் நடந்தது. "யார் வந்து தெரியுதான்னு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும். புரியுதுங்களா?" புரிகிறது என்றார். வெள்ளிக்கிழமை பால்காரர் பிரவின்குமாரிடம் போய், அவர் எதுவும் கேட்காமலேயே "தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்து, தொண்ணூறு தடவை மன்னிப்புக் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஷாஹுலுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு ஒத்திகை பார்த்தோம். சனிக்கிழமை சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேர்த்து விறுவிறுத்துச் சொன்னார். செவ்வாய்க்கிழமை, தரையைப் பார்த்துக்கொண்டே ஆனாலும், "தெரியாதுங்க, நீங்க போலாமுங்க" என்று முழுசாகச் சொல்லிவிட்டார். நான் அன்று கேசரி கிண்டினேன்.

ஷாஹுலைப் புதன்கிழமை பட்டறையை விட்டு வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். "என்னைப் பார்த்துக் கேட்டுப்போட்டா எனக்கு வாய் வராதுங்கக்கா" என்று அவனே ஒப்புக்கொண்டான். வாய் வருகிற ஆள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

கேட்டைப் பூட்டி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பதினோரு மணிக்கு, பூட்டு பூட்டியபடியே இருக்க, அவன் வாசற்படியில் நின்றான்.

"வாங்க" என்று என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். அதை மட்டும் நான் சொல்லிக் கொடுக்க மறந்திருந்தேன். முப்பது வருஷப் பழக்கம், என் கையும் தன்னால் போய் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து நீட்டிவிட்டது. அவன் அதை வாங்கிக்கொண்டு என்னைத்தான் முதலில் பார்த்தான்.

"அம்மணிக்கு என்னைத் தெரியுதுங்களா?"

பக்கத்தில் பார்க்கும்போது அது எல்லோருடைய முகமாகவும் இருந்தது. செத்துப்போன என் தம்பியின் சாயல் வந்தது, பள்ளிக்கூட வாத்தியார் வந்தார், ரயிலில் என்றைக்கோ இடம் கொடுத்தவர் வந்தார். தெரியும் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியது. என் கண் முன்னால் எங்கள் கல்யாண மண்டபத்தின் பின்கட்டு விரிந்தது, அங்கே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மோர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்.

"தெரியாது" என்றேன். மரியாதைக்கு ஒரு "ங்க" கூடப் போடவில்லை. அண்டாவும் ஆளும் அணைந்து போனார்கள்.

அவன் முகம் வாடியது. உண்மையாகவே நொந்த முகம். அப்படியே என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க. உங்க கல்யாணத்துல... என்னைத் தெரியுதுங்களா?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். ஒத்திகையில் பார்த்த மாதிரியே இரண்டு கையையும் கோத்துக்கொண்டார். "தெரி..." என்றார். "தெரியா..."

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். மூச்சு விடுகிற நேரம்தான் பாக்கி. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் வாயால் மட்டும் கெடவில்லை, கையாலும் கெட்டேன். அவன் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனான். அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த அத்தனை ஆத்திரமும் பொங்கிவிட்டது. "போடா வெளிய! யார்ரா நீ? யார் ஊட்டுத் தண்ணியைக் குடிக்கறே?" என்று கத்திக்கொண்டு பாய்ந்து அவன் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிவிட்டேன். தண்ணீர் அவன் சட்டையிலும் தரையிலும் கொட்டியது. டம்ளர் உருண்டு சுவரில் மோதியது.

வீட்டுக்கு வந்தவர் குடிக்கிற தண்ணீரைப் பிடுங்குவது. எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு பாவம் கிடையாது. கணக்கும் காதும் பாஷையும் போன மனுஷனுக்கும் அது தெரிந்திருந்தது. என் வீட்டுக்காரர் பதறிப்போய் இரண்டு எட்டில் வந்து, தன் தோள் துண்டை எடுத்து அவன் சட்டையைத் துடைத்தார்.

"மன்னிச்சுக்குங்க. இவ பேசுனதை மனசுல வெச்சுக்காதீங்க. கோவக்காரி, ஆனா மனசுல ஒண்ணும் இல்லீங்க." மறுபடியும் துடைத்தார். "உங்களைத் தெரியாமயா? எங்க கல்யாணத்துல நீங்கதானே முன்னால நின்னு..."

"வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"...எல்லாம் பண்ணுனீங்க. நீங்க இல்லாம அந்தக் கல்யாணமே இல்லீங்க."

அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மஞ்சள் பையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு படியிறங்கினான். நான் பின்னாலேயே ஓடினேன். வீதியில் ஒரு பால் வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது. கேட் பூட்டு பூட்டியபடி தொங்கியது.

திரும்பி வந்து வாசற்படியில் நின்றேன். என் வீட்டுக்காரர் குனிந்து துண்டால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். டம்ளரை எடுத்து நிமிர்த்தி ஸ்டூல் மேல் வைத்தார். பிறகு தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

ஒரு வினாடி அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு முகம் நிறையச் சிரிப்பு வந்தது.

"வாங்க அம்மணி, வாங்க. வெயில்ல நிக்கறீங்களே, உள்ள வந்து உக்காருங்க."

என்னைத் தெரியவில்லையா என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினேன். கேட்டால் தெரியும் என்றுதான் சொல்வார். என் மனசு நோகக்கூடாது என்பதற்காகவே சொல்வார். அந்தப் பதிலுக்கு எது போகும்? ஹர்ஷிணியா? வேட்டி கட்டுவதா? சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பதா? இன்னும் என்னென்ன மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் மிச்சம் இருக்கிறது. படியில் நிற்கிற நானும் இப்போது அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டைதான்.

"ஏனுங்க" என்றேன். "உங்களுக்கு என்னைத் தெரியாதுங்க. தெரியாதுன்னு வாய் விட்டுச் சொல்லுங்க."

அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "அதெப்படீங்க? ஊடு தேடி வந்தவங்களைப் பார்த்து..."

"எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லீங்க. சொல்லுங்க."

நீண்ட நேரம் என் முகத்தைப் பார்த்தார். நெற்றி, மூக்குத்தி, கழுத்து எல்லாவற்றையும் பார்த்தார். தாலியையும் பார்த்தார். ஈரத் துண்டை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி" என்றார் கடைசியில். "நானும் ரோசனை பண்ணிப் பார்த்துட்டேன். எனக்கு உங்களைத் தெரியலீங்க."

முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் சொன்னதிலேயே வலித்த சொல் அதுதான். அவர் அதைச் சொல்லிவிட்டாரே என்று எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் சுவரில் சாய்ந்தேன். அவர் ஓடிப்போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நல்லதுங்க" என்றேன். "நான் வெங்கடம்மாளுங்க. இங்க பக்கத்துலதான் இருக்கறேன்."

"அப்படீங்களா!" என்றார், புதிதாக ஒருவரைத் தெரிந்துகொண்ட சந்தோஷத்தோடு. "சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு தட்டு எடுக்க உள்ளே போனேன்.